கண்ணாடியில் விடாப்பிடிக் கறை: ஜன்னல் துடைக்கும் தொழிலுக்குப் புதியவர்களுக்கு

ஸ்க்வீஜியை (தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டைக் கருவி) பிடித்து இழுக்கக் கற்றுக்கொள்வது பெரிய விஷயமில்லை. கொஞ்ச நாள் பழகினால் கை தானாக ஓடும். சோப்புத் தண்ணீர் போட்டு, தேய்த்து, வழித்தெடுத்த பிறகும் நகராமல் உட்கார்ந்திருக்கும் கறைதான் சோதனை. ஜன்னல் முழுக்கப் பளிச்சென்று இருந்தாலும் வாடிக்கையாளரின் கண் நேராக அந்த ஒரு இடத்துக்குத்தான் போகும்.

புதியவர்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், அல்லது கடையில் இருப்பதிலேயே வீரியமான ஆசிட்டை வாங்கி ஊற்றுவார்கள். இரண்டுமே ஆபத்து. கறை இன்று போகாவிட்டால் நாளை வேறு வழியைப் பார்க்கலாம். கீறல் விழுந்துவிட்டால் பெரும்பாலும் கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான். அதனால் என்ன போட்டுத் தேய்ப்பது என்பதை அப்புறம் பார்ப்போம். அது என்ன கறை என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

முதலில் கழுவுங்கள், பிறகு உற்றுப் பாருங்கள்

கறையை நேரடியாகத் தாக்காதீர்கள். ஜன்னல் முழுவதையும் வழக்கம்போல ஒருமுறை கழுவி வழித்துவிடுங்கள். கண்ணாடியில் படிந்திருக்கும் தூசியில் மணல் துகள்கள் உண்டு. அவற்றின் மேலேயே தேய்த்தால் கீறுவது கறை எடுக்கும் பொருளாக இருக்காது, அந்த மணலாகத்தான் இருக்கும். கழுவியதும் மேலோட்டமான அழுக்கு போய், உண்மையான கறை எது என்று தெரியும்.

கண்ணாடி நன்றாகக் காய்ந்ததும் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத கீறல், படிவு எல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் வெளியே வந்துவிடும். பழைய கீறல் இருந்தால் அப்போதே போட்டோ எடுத்து வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். வேலை முடிந்த பிறகு காட்டினால் அது நீங்கள் போட்ட கீறலாகிவிடும்.

அடுத்து, கறை எந்தப் பக்கம் இருக்கிறது? இதைக் கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் உள்பக்கக் கறையை வெளியே நின்று தேய்ப்பவர்கள் நிறையப் பேர். கறையின் மேல் விரல் நுனியை வைத்து, தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். விரலும் கறையும் ஒன்றாகவே இருந்தால் கறை உங்கள் பக்கம். இரண்டும் விலகி விலகித் தெரிந்தால் மறுபக்கம். இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் விலகியே தெரிகிறதென்றால், கறை இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிறது. ஓரத்து சீல் விட்டுப்போய் ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது. அதைத் துடைத்து எடுக்க வழியில்லை. அந்தக் கண்ணாடித் தொகுதியை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விடலாம்.

அப்புறம் நகச் சோதனை. நகத்தால் மெதுவாக வருடுங்கள். நகம் எதிலாவது ஏறி இறங்கினால் மேலே ஏதோ ஒட்டியிருக்கிறது: பெயின்ட், பசை, சிமென்ட், சில்லிகான், மரப்பிசின். நகம் பள்ளத்தில் விழுந்தால் அது கீறல். எதுவுமே தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போனால், மெல்லிய உப்புப் படிவாகவோ கண்ணாடியே அரித்துப்போனதாகவோ இருக்கலாம்.

கடைசியாக ஈரச் சோதனை. கறையின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்ப வெள்ளையாகத் தெரிந்தால் உப்புக் கறை அல்லது அரிப்பு. தண்ணீருக்கு அடியிலும் அப்படியே தெரிந்தால் பெயின்ட், பசை, துரு மாதிரி ஏதோ ஒன்று.

பிளேடு வைக்கக் கூடாத கண்ணாடிகள்

கறையைப் பார்த்தாயிற்று. இனி கண்ணாடி என்ன ரகம் என்று பார்க்க வேண்டும்.

ஓரத்தில், சட்டத்துக்குப் பக்கத்தில் மெல்லிய இடைவெளி விட்டு ஒரு கோடு ஓடுகிறதா? அப்படியென்றால் ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. பிளேடு, ஸ்டீல் வுல் (மெல்லிய இரும்பு நார்), அம்மோனியா கலந்த கிளீனர் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. தட்டினால் கண்ணாடியின் சத்தம் வராமல் மந்தமாகக் கேட்கிறதா? அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். அவை கண்ணாடியைவிட மிகவும் மென்மையானவை. மென்மையான துணியும் மிதமான சோப்புத் தண்ணீரும் மட்டும்தான். தின்னர், அசிட்டோன் பட்டால் விரிசல் விட்டும் மங்கியும் போகும். தானே சுத்தமாகும் கண்ணாடி என்று ஒரு வகை உண்டு. அதன் வெளிப்புறத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு இருக்கும். தேய்ப்புப் பொருளும் சில்லிகானும் அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். சில ஜன்னல்களில் வெப்பத்தைத் தடுக்கும் லோ-ஈ பூச்சு கைக்கு எட்டும் பக்கத்திலேயே இருக்கும். அதையும் சுரண்டக் கூடாது.

டஃபன்டு கண்ணாடியை, அதாவது உலையில் சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் பெரிய தகராறுகள் வருவது இதில்தான். மூலையில் சின்னதாக ஒரு முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் டஃபன்டு. இந்தக் கண்ணாடியை உலையில் சூடாக்கும்போது உருளைகளின் மேல் ஓட விடுவார்கள். தொழிற்சாலையில் வெட்டிய கண்ணாடியைச் சரியாகக் கழுவாமல் உலைக்குள் விட்டால், கண்ணாடிப் பொடித் துகள்கள் உருளை படும் பக்கத்தில் அப்படியே உருகி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பிளேடு அதைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போகும்போது, முடி மாதிரி மெல்லிய கோடுகள் நீளமாக விழும். பிளேடு புதிது, கையும் சுத்தம், முறையும் சரி, அப்படியும் கீறல் விழும்.

அதனால் டஃபன்டு முத்திரையைப் பார்த்தால் முதலில் பிளேடு இல்லாமல் ஆக வேண்டியதைப் பாருங்கள். வேறு வழியே இல்லை என்றால் கண்ணாடியை நனைத்து, விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் மிக நுண்ணிய சொரசொரப்பாகவும் இருந்தால் அந்தச் சொரசொரப்புப் பக்கத்தைச் சுரண்டாதீர்கள். இந்த ஆபத்தை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டி முடித்த கையோடு செய்யும் முதல் சுத்தத்துக்கு இந்தத் தாள் இல்லாமல் போகவே கூடாது என்பது என் கருத்து.

எதில் தொடங்குவது

மென்மையானதில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே போங்கள். சோப்பும் தண்ணீரும், ஊறும் நேரமும் முதல் படி. வெள்ளை நைலான் பேட் அடுத்தது. அதற்கு மேல் கரைப்பான் அல்லது மிதமான ஆசிட், அப்புறம் பிளேடு அல்லது 0000 என்ற மிக நுண்ணிய ரக ஸ்டீல் வுல். பாலிஷ் கடைசி. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பர் இந்த வரிசையிலேயே கிடையாது. அதில் கண்ணாடியைவிடக் கடினமான அலுமினியம் ஆக்சைடு போன்ற தேய்ப்புத் துகள்கள் இருக்கும், கட்டாயம் கீறும்.

எந்தப் படியாக இருந்தாலும் கீழ் மூலையில் உள்ளங்கை அளவு இடத்தில் முதலில் செய்து, காய விட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த இடம் நன்றாக வந்தால் மட்டும் மற்ற இடத்துக்குப் போகலாம். இந்தச் சோதனையால் இன்னொரு லாபமும் உண்டு. அந்தச் சின்ன இடத்துக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்தால்தான் மொத்த வேலைக்கும் நியாயமான விலை சொல்ல முடியும். கறை எடுப்பதைச் சாதாரணத் துடைப்பு விலைக்குள் சேர்க்காதீர்கள். அது தனி வேலை, தனிக் கூலி.

வெயில் நேராக விழும் கண்ணாடியில் இதையெல்லாம் செய்ய வேண்டாம். எது போட்டாலும் வேலை செய்யும் முன்பே காய்ந்து புதுக் கறையாகிவிடும். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் தண்ணீரும் கூடாது, விரிசல் விடும். வெதுவெதுப்பு போதும்.

பிளேடு பிடிக்கும் முறை

ஸ்க்ரேப்பரில் எப்போதும் புது பிளேடு. நுனியில் ஒரு சின்ன முறிவோ துருப்புள்ளியோ இருந்தாலும் அது போகும் வழியெல்லாம் ஒரு கோடு போட்டுவிடும். பிளேடு மாற்றக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கண்ணாடி சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும், தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்திருக்க வேண்டும். சோப்பு இருந்தால்தான் பிளேடு வழுக்கும். பிளேடைப் படுக்கையாக, சுமார் 30 டிகிரி சாய்வில் வைத்து முன்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். தள்ளி முடித்ததும் தூக்கி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி தள்ளுங்கள். கண்ணாடியை விட்டு எடுக்காமல் பின்னால் இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. முன்னால் தள்ளும்போது பெயர்ந்த துகள் பிளேடுக்கு மேலே வந்துவிடும். பின்னால் இழுத்தால் அதே துகள் பிளேடுக்கு அடியில் மாட்டி, கண்ணாடியோடு அரைபடும்.

காதையும் வேலை செய்ய விடுங்கள். நனைந்த சுத்தமான கண்ணாடியில் பிளேடு ஏறக்குறையச் சத்தமே இல்லாமல் போகும். பெயின்ட் துளியில் ‘டக்’கென்று ஒரு தட்டல் கேட்கும், பரவாயில்லை. ஆனால் ‘கரகர’வென்று தொடர்ந்து அரைக்கும் சத்தமோ, கைக்கு மணல் மேல் ஓடுவது போன்ற உணர்வோ வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். தண்ணீர் அடித்துக் கழுவி, பிளேடைப் பார்த்து, கண்ணாடியைப் பார்த்து, அதற்குப் பிறகு தொடரலாமா என்று முடிவு செய்யுங்கள்.

ஒட்டியிருக்கும் கறைகள்

ஸ்டிக்கர், டேப் பசைக்குத் தாள் பகுதியை முதலில் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து உரித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். பழைய பசை என்றால் டர்பன்டைன் வகையோ, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த கரைப்பானோ போட்டு சில நிமிடம் விட வேண்டும். இவை எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும், அதனால் கடைசியில் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை கழுவினால்தான் ஸ்க்வீஜி கோடு போடாமல் ஓடும். இவை தீப்பிடிக்கும் பொருட்கள் என்பதையும், நனைந்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்கக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

எமல்ஷன் பெயின்ட் துளி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறினாலே இளகும், பிளேடில் வந்துவிடும். எனாமல் பெயின்டுக்குக் கரைப்பான் வேண்டும். காய்ந்த சில்லிகானை எந்தக் கரைப்பானும் முழுசாகக் கரைக்காது. பிளேடால் கட்டியை எடுத்துவிட்டு, மீதமிருக்கும் வழுக்கல் படலத்தை சில்லிகான் ரிமூவரால் துடைக்க வேண்டும். ஓரத்து சீலையே சேர்த்து அறுத்துவிடாமல் கவனமாக இருங்கள். மரப்பிசினுக்கு ஆல்கஹால்.

பறவை எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. அதில் மணலும் விதையும் இருக்கும், கண்ணாடி கீறும். பொடி பறந்தால் மூச்சோடு உள்ளே போய் நோய் கொடுக்கும். ஈரத் துணியையோ தாளையோ அதன் மேல் ஒட்டி, நன்றாக ஊறிய பிறகு துடைத்தெடுங்கள்.

உப்புக் கறை

அதிகம் வரும் கறையும், அதிகம் சோதிக்கும் கறையும் இதுதான். உப்புத் தண்ணீர் தெறித்துக் காயும்போது தண்ணீர் மட்டும் போய்விடும், கால்சியம், மெக்னீசியம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஒரு பொட்டை அருகில் போய்ப் பாருங்கள். நடுவில் மங்கலாகவும் ஓரத்தில் தடித்த வளையமாகவும் இருக்கும், காரணம் துளி காயும்போது உப்பு விளிம்புக்கு நகர்ந்து அங்கேதான் அதிகம் சேர்கிறது. அடுத்த நாள் அதன் மேலேயே இன்னொரு துளி. மாதக்கணக்கில் இப்படி அடுக்கடுக்காக ஏறினால் சோப்பு எதுவும் செய்யாது, கால்சியம் படிவைக் கரைக்க ஆசிட் தேவை.

இளம் கறைக்கு வெள்ளை வினிகர் போதும். அதில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் ஆசிட் இருக்கிறது. அதற்கு அசையாவிட்டால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 முதல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட். இன்னும் பிடிவாதமான கறைக்கு சல்ஃபாமிக் ஆசிட் கலந்த, உப்புப் படிவு நீக்கி என்று விற்கும் மருந்துகள் உண்டு; லேபிளில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள்.

நிற்கும் கண்ணாடியில் தெளித்தால் அப்படியே வழிந்து ஓடிவிடும், கறையோடு வேலை செய்ய நேரமே கிடைக்காது. தாள் துண்டை மருந்தில் நனைத்துக் கறையின் மேல் ஒட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம், காயாமல், நடுநடுவே தெளித்துக்கொண்டே இருங்கள். பிறகு தாளை எடுத்து வெள்ளை பேடால் வட்டமாகத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒரு முறையில் பாதி போனால் நல்ல செய்தி, அதையே திரும்பச் செய்யுங்கள். ஆசிட்டின் வீரியத்தைக் கூட்டுவதைவிட இன்னொரு சுற்று வருவது நல்லது. பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடி என்றால், ஈரமாக வைத்தபடி 0000 ஸ்டீல் வுல்லும் உதவும். அதன் இழைகள் சட்டத்தில் சிக்கி நின்றால் நாளை துருக் கறையாகும், ஒன்றுவிடாமல் துடைத்துவிடுங்கள்.

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்துப் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நுரை வருவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆசிட்டும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால் உப்பைக் கரைக்கும் சக்தி போய்விடும். வினிகர் தனியாகவே நன்றாக வேலை செய்யும்.

இவ்வளவு செய்தும் அசையவில்லையா? அப்போது இரண்டு சாத்தியம். தண்ணீரில் இருந்த சிலிக்கா படிந்து கண்ணாடியோடு பிணைந்திருக்கலாம். இந்த ஆசிட்டுகள் அதைத் தொடாது. அல்லது கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப்போயிருக்கலாம். இந்தக் கட்டத்தில் சீரியம் ஆக்சைடு பவுடரைத் தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் பேட் வைத்துப் பாலிஷ் செய்வது ஒரு வழி. லேசான படிவும் லேசான அரிப்பும் அதில் போகும். ஒரே இடத்தில் அதிக நேரம் தேய்த்தால் அந்த இடம் குழிந்து, அதன் வழியாகப் பார்க்கும் காட்சி நெளியும். ஆழமான அரிப்புக்குக் கண்ணாடி மாற்றுவதுதான் தீர்வு.

சிமென்ட், துரு, ஆவிபட்டால் தெரியும் தடம்

சிமென்ட் தண்ணீர் கண்ணாடியில் வழிந்திருந்தால் நாள் கடத்தாதீர்கள். அதன் காரத்தன்மை கண்ணாடியையே கரைக்கும். ஈரமாக இருக்கும்போது தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டால் எதுவும் ஆகாது. காய்ந்து இறுகியதை ஆசிட்டில் ஊற வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் அடியில் மங்கலான தடம் இருந்தால் அது ஏற்கெனவே நடந்த அரிப்பு. இப்படி இருக்கலாம் என்று வாடிக்கையாளரிடம் தொடங்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

துருக் கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் கலந்த கிளீனர் நன்றாகக் கேட்கும். விஷம் என்பதால் கையுறை கட்டாயம்.

சில ஜன்னல்களில் சாதாரணமாக ஒன்றுமே தெரியாது, மூச்சை ஊதினால் வட்டமாகத் தடம் தெரியும். கண்ணாடியைத் தூக்கி மாட்டியபோது பிடித்த ரப்பர் கப்பின் தடம் அது. ஸ்டிக்கர் இருந்த இடமும் இப்படித் தெரியும். சோப்புக்கு அசையாவிட்டால் சீரியம் ஆக்சைடு பாலிஷ் போட்டுப் பார்க்கலாம்.

மருந்தைக் கையாளும்போது

நைட்ரைல் கையுறையும் கண்ணுக்குக் கவசமும் இல்லாமல் எந்த ஆசிட்டையும் திறக்காதீர்கள். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஒரே பக்கெட்டில் மாற்றி மாற்றிக் கலக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள்.

கழிவறை ஆசிட்டை ஜன்னலுக்கு எடுக்காதீர்கள். பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கிறது. அதன் ஆவியே அலுமினியச் சட்டத்தையும் ஸ்டீல் கீலையும் அரித்துவிடும். மார்பிள், சுண்ணாம்புக்கல் படிகளில் வினிகர் சொட்டினாலும் தடம் விழும். வேலைக்கு முன்பே சட்டத்தையும் படியையும் தண்ணீரால் நனைத்து, மேலே பிளாஸ்டிக் விரித்து, சொட்டுவதை உடனே கழுவிவிடுங்கள்.

ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் அல்லது அம்மோனியம் பைஃப்ளூரைடு என்று லேபிளில் இருக்கும் புட்டியை, எவ்வளவு நன்றாகக் கறை எடுக்கும் என்று சொன்னாலும், புதியவர்கள் தொட வேண்டாம். அது சிலிக்காவைக் கரைப்பதால்தான் கறை போகிறது, கண்ணாடியும் சிலிக்காதான். தோலில் பட்டால் முதலில் வலிக்காமலும் இருக்கலாம். மணிக்கணக்கில் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும், உடலின் கால்சியத்தைக் குலைத்து உயிரையே எடுக்கும். இதைப் பயன்படுத்துபவர்கள் தனிப் பயிற்சி பெற்று, கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு செய்பவர்கள்.

முடிக்கும் விதம்

கறை போனதும் ஜன்னல் முழுவதையும் சோப்புத் தண்ணீரில் மறுபடி கழுவி வழித்தெடுங்கள். ஓரங்களில் மருந்து தங்கியிருந்தால் ரப்பர் சீலைக் கெடுக்கும், அதனால் ஓரத்துக்கு மட்டும் தனியாக ஒரு சுத்தமான மைக்ரோஃபைபர் துணி வைத்துக்கொள்ளுங்கள். உடனே பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். உப்புக் கறை ஈரத்தில் ஒளிந்துகொள்ளும். முழுசாகக் காய்ந்த பிறகு டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கறை எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். பொட்டுகள் கீழ்ப் பாதியில் விசிறி மாதிரி பரவியிருந்தால் செடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்ளர் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. மேலிருந்து கோடு கோடாக வழிந்திருந்தால் மேலே உள்ள கான்கிரீட்டிலோ கல்லிலோ இருந்து மழைத்தண்ணீர் சுண்ணாம்பைக் கொண்டுவருகிறது. ஸ்பிரிங்க்ளரைத் திருப்புவதும், மேலே தண்ணீர் சொட்டாமல் ஒரு விளிம்பு வைப்பதும் வாடிக்கையாளர் செய்ய வேண்டிய வேலை. உங்கள் பங்குக்கு, அந்த ஜன்னல்களுக்கு மட்டும் அடிக்கடி வரும் தேதியைக் குறித்துக் கொடுங்கள். சில வாரக் கறை வினிகருக்கே போய்விடும்.